மரியாதை போகும் வளைவு

அணியின் ஜீப்பில் முன் இருக்கையில் உட்காரப்போகிற உங்களிடம் ஒரு கேள்வி வரும். எந்த வருடம் வரும் என்று சொல்ல முடியாது, ஆனால் வரும். "அந்த ஆளுக்கு இன்னும் தெம்பு இருக்குதுங்களா, முடிஞ்சுபோச்சுங்களா?" கேட்பவர் அவசரத்தில் இருப்பார். யாரைப் பற்றிக் கேட்கிறாரோ அவர் பெரும்பாலும் பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

சைக்கிள் பந்தய அணியில் நான் பயிற்சியாளராக வேலை பார்த்த காலத்தில் இந்தக் கேள்விக்கு மூன்று முறை பதில் சொல்ல வேண்டிவந்தது. அவற்றில் இரண்டைப் பற்றிப் பேச எதுவுமில்லை. அவர்களுடைய முழங்கால் சொன்ன பதிலையே நான் திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான். மூன்றாவது நிஜாமைப் பற்றியது. ஓய்வுபெற்றுவிட்ட இப்போதும், காலையில் நடக்கப் போகும்போது என்னையறியாமல் என் நடை வேகமாகிறது என்றால், அந்த ஒரு வாரத்தை மறுபடி யோசிக்கிறேன் என்று அர்த்தம்.

நிஜாம் கோட்டைமேட்டுக்காரர். அப்பா தையல் மெஷின் ரிப்பேர் செய்பவர். பம்பு மோட்டார் செய்யும் ஒரு கம்பெனி நடத்திய எங்கள் அணியில் சேரும்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. நான் சொல்லப்போகும் சமயத்தில் முப்பத்தாறு. மலை ஏறுவதில் அவரைப் போல் ஒருவர் எங்களிடம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது. அவர் மிகவும் மரியாதைக்காரர். நம் பக்கத்தில் எல்லோரும் பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுகிறவர்கள்தான். நிஜாம் அதிலும் ஒருபடி மேலே. தண்ணீர் பாட்டில் கேட்டாலும் "ஏனுங்கக்கா, ஒரு பாட்டில் கிடைக்குங்களா" என்பார். தன்னைவிடப் பத்து வயது சிறியவனையும் "தம்பி, கொஞ்சம் ஒதுங்கிக்கிறீங்களா" என்றுதான் கேட்பார். ஆனால் மலைப்பாதையில், உடம்பு தன் எல்லையைத் தொடுகிற ஓர் இடத்தில், அந்த 'ங்க' கழன்று விழும். காதில் மாட்டிய ரேடியோவில் நான் ஏதாவது சொன்னால் "சரிங்கக்கா" என்று வந்துகொண்டிருந்த பதில் "சரி" என்றாகும். அப்புறம் "ம்" என்றாகும். அதற்கும் மேலே போனால் "பேசாதே".

எங்கள் ஜீப்பை ஓட்டிய பழனிச்சாமியண்ணன்தான் இதை முதலில் வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பித்தார். "அம்மணி, நிஜாமுக்கு மரியாதை போயிருச்சுங்க. இனி முன்னால போறவன் பாவம்." அது பிறகு எங்கள் அணிக்குள் ஒரு வார்த்தையாகவே ஆகிவிட்டது. மரியாதை போன பிறகு அவர் திடீரென்று வேகம் கூட்டித் தாக்குவார். தாக்கினால் பின்னால் யாரும் ஒட்ட முடியாது.

ஒருமுறை கம்பெனி முதலாளியே ஆசைப்பட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். பந்தயம் சூடான நேரத்தில் என் கையிலிருந்த மைக்கை வாங்கி, "தம்பி நிஜாம், நான்தான் பேசறேன், நல்லா ஓட்டறீங்க" என்றார். ஸ்பீக்கரில் பதில் வந்தது: "யோவ், மைக்க வெய்யா." பழனியண்ணன் ஸ்டியரிங்கின் மேல் குனிந்துகொண்டார், சிரிப்பை மறைக்க. அன்று நிஜாம்தான் ஜெயித்தார். மாலையில் ஒரு பெட்டி மைசூர்பாக்கோடு முதலாளியின் முன்னால் போய் நின்று, "தெரியாமப் பேசிப்போட்டேனுங்க" என்றார். முதலாளி மைசூர்பாக்கைப் பிரித்துக்கொண்டே, "அடுத்த ரேசிலும் அப்படியே பேசுங்க தம்பி" என்றார்.

அதே முதலாளிதான் ஒரு திங்கட்கிழமை என்னைப் பெரியநாயக்கன்பாளையம் ஆபீசுக்கு வரச் சொன்னார். நான் முன்பு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள் என்பதால் அவருக்கு நான் கடைசிவரை டீச்சர்தான்.

"டீச்சர், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுத்த வருசத்துக்கு ஆளுங்க பேரு அனுப்போணும். நிஜாமை வெச்சுக்கறதா, விட்டுப்போடறதா? ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

பக்கத்தில் கார்த்திக் உட்கார்ந்திருந்தான். சென்னைப் பையன். வீரர்கள் மிதிக்கும் விசையை சைக்கிளில் உள்ள மீட்டர் அளந்து அனுப்பும்; அதைக் கணக்குப் போடுவது அவன் வேலை. மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான். ஒரு கோடு இடமிருந்து வலமாக இறங்கிக்கொண்டே போனது.

"ரெண்டு சீசனா இறங்குது மேடம். நடுவுல ஒரு இடத்துலகூட ஏறலை. எனக்கும் அவரைப் பிடிக்கும். அதனாலதான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்."

முதலாளி பெருமூச்சு விட்டார். "மோட்டாரு இழுக்கலைன்னா காயிலைப் பிரிச்சுக் கட்டிப் பார்க்கலாம். இதுக்கு என்னத்தக் கட்டறது?"

நிஜாமுக்கு இந்த வயதில் வேறு அணி கிடைக்காது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். விட்டால், அவர் சைக்கிளை விட்டார் என்றுதான் பொருள். அதற்காக வைத்துக்கொள்ளவும் முடியாது. அந்தத் தவறு எப்படி முடியும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் அந்த ஜீப் இருக்கையில் இருந்தவர் பெரிய மனசுக்காரர். காரமடைக்காரர் ஒருவரை, கால் ஓய்ந்த பிறகும், முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல் இரண்டு வருடம் அணியில் வைத்திருந்தார். அந்த வீரரும் தானாகப் போகிறேன் என்று சொல்லவில்லை. இத்தனை அன்பாக வைத்திருக்கிறவரிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்திருக்கிறார். இரண்டு பேரும் மாற்றி மாற்றி மரியாதை காட்டிக்கொண்டே இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டார்கள். அவருடைய கடைசிப் பந்தயத்தில், அவர் வந்து சேர்வதற்குள் எல்லைக்கோட்டில் காற்றடைத்து நிறுத்தும் துணி வளைவின் காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். அவர் சைக்கிளைச் சாத்திவிட்டு, அந்தத் துணியைச் சுருட்டுகிற ஆட்களுக்கு ஒரு கை கொடுத்தார். நான் அங்கே நின்றிருந்தேன். "அவன் இன்னமும் என்னைப் பார்த்தா கும்பிடறானுங்க. அதுதான் தாங்கலை" என்று அந்தப் பெரிய மனசுக்காரர் பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் புதன்கிழமை காலை நிஜாமை மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சாலையில் ஏறச் சொன்னேன். எதற்காக என்று அவரிடம் சொன்னேன். மறைக்கவில்லை. நீங்களும் மறைக்காதீர்கள், அவர்களுக்கு எப்படியும் தெரிந்திருக்கும். அவர் தலையை ஆட்டிவிட்டு ஷூவின் பட்டையை இறுக்கினார்.

ஜீப்பில் பழனியண்ணன், நான், பின் இருக்கையில் கார்த்திக். நிஜாமுக்குப் பின்னாலேயே போனோம். மழை விட்டிருந்தது, சாலை காய்ந்திருந்தது, லாரி அதிகமில்லை. குறை சொல்ல எதுவுமில்லாத காலை. கீழ் வளைவுகளில் "எப்படி இருக்குது நிஜாம்?" என்று மைக்கில் கேட்டேன்.

"நல்லா இருக்குங்கக்கா."

பாதி மலையில் சரிவு கூடுகிற இடம் வந்தது. பழைய நிஜாம் என்றால் இந்தக் கொண்டை ஊசி வளைவில்தான் மரியாதை போகும். "இப்போ கூட்டுங்க" என்றேன்.

"சரிங்கக்கா."

அடுத்த வளைவில், "இன்னும் கொஞ்சம்."

"பார்க்கிறேனுங்க."

பழனியண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன அம்மணி, இன்னும் மரியாதை போகலீங்களே?"

உச்சியில் டீக்கடையில் இறங்கியபோது நிஜாம் முகமெல்லாம் வியர்வையாக நின்றார். என்னைப் பார்த்ததும், "அக்காவுக்குச் சக்கரை போடாமத்தானுங்களே?" என்று கேட்டுவிட்டுக் கடைக்காரரிடம் திரும்பினார். கார்த்திக் மடிக்கணினியை என்னிடம் நீட்டினான். கோடு இறங்கித்தான் இருந்தது. திங்கட்கிழமை பார்த்ததற்கும் கீழே.

டம்ளரோடு நிஜாமைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்க் கேட்டேன். "நீங்க முழுசா ஏறலை."

"முழுசாத்தானுங்க ஏறுனேன்."

"மேல வந்து நின்ன உடனே டீக்குச் சக்கரை கேக்கற ஆளு முழுசா ஏறினவர் இல்லை."

அவர் சிரிக்கவில்லை. "அக்கா, காலு வருதுங்க. நெஞ்சும் வருதுங்க. ஆனா அந்த எடம் வருதில்லீங்களா, அதுக்குக் கொஞ்சம் முன்னாலயே ஏதோ பிடிச்சு நிறுத்திப்போடுது. என்னன்னு தெரியலீங்க. வயசுன்னு சொல்லுறாங்க. அப்படியுமிருக்கும்." டம்ளரைச் சுழற்றிக்கொண்டே சொன்னார். "நானா போறேன்னு சொல்ல மாட்டேனுங்க. ஆனா நீங்க சொன்னா கேட்டுக்குவேன். நீங்களே சொல்லிப்போடுங்க."

திரும்பி இறங்கும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். உடம்பு எல்லைக்குப் போய், அந்த எல்லையே சின்னதாகிவிட்டது என்றால் அது வயது. ஆனால் இவர் எல்லைக்கே போகவில்லை. போகாமல் எது நிறுத்துகிறது? பயமா? கீழே விழுந்து எழுந்தவர்களுக்கு அப்படி வரும். இவர் பெரிதாக விழுந்ததில்லை. வீட்டில் ஏதாவதா? அவருடைய மனைவி ஷமீமிடம் போனில் கேட்டேன். "ஊட்டுல ஒண்ணுமில்லீங்கக்கா, நல்லாத்தான் சாப்பிடறாரு, நல்லாத்தான் தூங்குறாரு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அவர்கிட்ட என்ன சொல்லப்போறீங்க?" என்று கேட்டார். தெரியலை அம்மணி என்றேன். அதுதான் உண்மை.

வியாழக்கிழமை அணி முழுவதும் அன்னூர் சாலையில் பயிற்சிக்குப் போனது. சமதளம். பக்கக் காற்று. ஐந்து பேரும் ஒருவர் சக்கரத்துக்குப் பின் ஒருவராகச் சாய்ந்த வரிசையில் போக, நான் பின்னால் ஜீப்பில். எனக்கு அன்று மற்ற நால்வரைப் பார்க்கவே தோன்றவில்லை.

வேகம் ஏறியது. நிஜாம் தலையை வலப்பக்கம் திருப்பினார். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. "தினேஷ் தம்பி, காத்து இந்தப் பக்கம் இருக்குதுங்க, கொஞ்சம் உள்ள வந்துக்குங்க." மறுபடி வேகம் ஏறியது. மறுபடி தலை திரும்பியது. "நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வாங்க, ஒருத்தரே இழுக்காதீங்க." இப்படி நாலைந்து முறை. ஒவ்வொரு முறையும் சரியாக, மற்றவர்களுக்கு மூச்சு முட்டுகிற அந்த நொடியில் அவர் முழு வாக்கியம் பேசினார். இடையில் வார்த்தை உடையவில்லை. 'ங்க' ஒன்றும் விடுபடவில்லை.

இரண்டு சீசனுக்கு முன்னால்தான் அவரை அணித்தலைவர் ஆக்கினோம். ஓடும்போதே மற்ற நால்வருக்கும் ரேடியோவில் சொல்லிக்கொடுக்கிற வேலை. கார்த்திக்கின் கோடும் இரண்டு சீசனுக்கு முன்னால்தான் இறங்க ஆரம்பித்தது.

ஒரு முழு வாக்கியம் சொல்ல மூச்சு வேண்டும். மரியாதையாகச் சொல்ல இன்னும் கொஞ்சம் வேண்டும். எப்போது யாருக்கு என்ன சொல்ல வேண்டியிருக்குமோ என்று, ஒரு வாக்கியத்துக்கான மூச்சை அவர் எப்போதும் கையில் வைத்துக்கொண்டே ஓட்டப் பழகிவிட்டார். அவருக்கே தெரியாமல். அதைத் தொடாமல் அவர் போகக்கூடிய உயரம் எதுவோ, அதைத்தான் நாங்கள் அளந்துகொண்டிருந்தோம். புதன்கிழமை மலையில் நான் வேறு வளைவுக்கு வளைவு மைக்கில் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தேன். அக்கா கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கிறவர் அல்ல அவர். வேறு ஊர்க்காரர் என்றால் காதில் இருப்பதைப் பிடுங்கிப் போட்டிருப்பார்.

ஜீப்பைச் சாலையோரம் நிறுத்தச் சொல்லிக் கார்த்திக்கைப் போனில் கூப்பிட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு, "மேடம், நீங்க அவரை விட்டுக்கொடுக்க முடியாம காரணம் தேடற மாதிரியும் இருக்கு" என்றான்.

"இருக்கலாம்" என்றேன்.

"அப்படின்னா நாளைக்குக் காலையில அதே மலை. ரேடியோ இல்லாம. அப்பவும் இதே கோடுன்னா ஒத்துக்கணும்."

"ஒத்துக்கறேன்."

நேராகச் சொல்கிற இந்த மாதிரி ஆள் உங்கள் ஜீப்பில் ஒருவராவது இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலை மேட்டுப்பாளையத்தில் நிஜாமின் காதிலிருந்து ரேடியோவை நானே கழற்றினேன். "இன்னிக்கு நீங்க யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். நாங்களும் பின்னால வரமாட்டோம். மேலே பார்க்கலாம்."

"அப்ப வண்டி வந்தா?"

"நீங்கதான் பார்த்துக்கணும்."

அவர் போய், கண்ணுக்கு மறைந்த பிறகும் ஜீப்பை எடுக்க விடவில்லை. பழனியண்ணன் இரண்டு முறை சாவியைத் திருப்பினார், இரண்டு முறையும் அணைக்கச் சொன்னேன். கிளம்பிய பிறகு, ஒவ்வொரு வளைவிலும் அவர் சாலையோரம் நிற்பதைப் பார்த்துவிடுவேனோ என்று இருந்தது. கையில் மைக் இருந்தது. கேட்பதற்கு அந்தப் பக்கம் யாருமில்லை. என்னுடைய அளவுகோலையும் சேர்த்துத்தான் கழற்றியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அவருக்கு மரியாதை போனதா இல்லையா என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

டீக்கடையில் அவர் இல்லை. கடைக்காரர் மேலே கையைக் காட்டினார். கொஞ்ச தூரம் தள்ளி, தேயிலைச் சரிவின் தடுப்புச்சுவரில் நிஜாம் கவிழ்ந்து கிடந்தார். சைக்கிள் சாலையோரம் விழுந்திருந்தது. அவர் சைக்கிளை அப்படிப் போடுகிற ஆள் இல்லை. பக்கத்தில் வாந்தி. பழனியண்ணன் ஓடிப்போய் முதுகைத் தடவினார். நான் ஏதோ கேட்டேன். நிஜாம் தலையைத் தூக்காமல், போ என்பது போல் கையை மட்டும் அசைத்தார்.

கார்த்திக் சைக்கிளிலிருந்து எண்களை எடுத்தான். வெகுநேரம் பார்த்தான். "இந்த ரெண்டு சீசன்ல அவர் இவ்வளவு மிதிச்சதே இல்லை, மேடம். நான் சொன்னது தப்பு." அவன் முகத்தில் சந்தோஷமில்லை. "ஆனா நாலு வருஷத்துக்கு முந்தி இருந்ததைவிடக் கம்மிதான். அது தப்பில்லை."

உச்சம் தாண்டியது உண்மை. முடிந்துபோனது உண்மையில்லை. கையில் இரண்டு பதில் இருந்தது, முதலாளி கேட்டதோ ஒரு வார்த்தை. அதற்குள் மூன்றாவதாக ஒன்றும் முளைத்துவிட்டது: வாய் திறக்காத நிஜாம் மலை ஏறுவார், ஆனால் அணிக்குத் தலைவர் இருக்க மாட்டார். வாய் திறக்கிற நிஜாம் தலைவராக இருப்பார், ஆனால் ஏற மாட்டார்.

மதியம் அவரையும் ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். இதை எல்லோரும் வேண்டாம் என்பார்கள். ஆனால் காரமடைக்காரருக்கு நடந்தது மறுபடி நடக்கக்கூடாது என்று நினைத்தேன். முதலாளியின் எதிரில் எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துச் சொன்னேன். அவர் நிஜாமைப் பார்த்தார்.

"நீங்க என்ன தம்பி சொல்றீங்க?"

நிஜாம் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

"எனக்கு இன்னும் ஒரு வருசம் வேணுமுங்க" என்றார். "ஏறுறதுக்கு மட்டும். பசங்களுக்குச் சொல்லுறது இல்லாம."

"அப்ப பசங்களுக்கு யாரு சொல்றது, டீச்சர்?"

"ஜீப்பிலிருந்து நான் சொல்லிக்கிறேனுங்க" என்றேன்.

முதலாளி பேனாவை எடுத்தார்.

ஜீப்பிலிருந்து சொல்வதும் கூட ஓட்டிக்கொண்டே சொல்வதும் ஒன்றல்ல என்பது அடுத்த வருடம் முழுவதும் தெரிந்துகொண்டே இருந்தது. எனக்குக் காற்று தெரியாது. முன்னால் போகிறவனின் தோள் தெரியாது. பையன்கள் ஜெயிக்க வேண்டிய இடங்களில் சிதறினார்கள். நிஜாம் ரேடியோ இல்லாமல் முன்னால் போனார். சில நாள் முதல் பத்துக்குள் வந்தார், சில நாள் வரவில்லை. வைத்துக்கொண்டது சரியா என்று முதலாளி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சீசனின் கடைசிப் பந்தயம் ஆழியாறிலிருந்து வால்பாறைப் பாதையில். அட்டகட்டிக்கு மேலே எல்லைக்கோடு. பாதி ஏறும் முன்பே நிஜாம் முன்னணியில் ஆறு பேரில் ஒருவராகப் பிரிந்துவிட்டார். ஒரு அணிக்கு ஒரு வண்டிதான். நான் அவர் பின்னால் இருந்தேன். அந்த நேரத்தில் ஸ்பீக்கரில் தினேஷின் குரல்.

"அக்கா, கியர் உடைஞ்சு சக்கரத்துக்குள்ள போயிருச்சுங்க. வேற சைக்கிள் வேணுங்க. எங்க இருக்கீங்க?"

செங்குத்தில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே கியர் மாற்றியிருக்கிறான். அந்த வளைவுக்கு முன்னால் "தம்பி, இப்பவே மாத்திக்குங்க" என்று ஒரு குரல் அவனுக்கு எப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. இந்த வருடம் கேட்கவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். நான் முன்னால் இருந்த ஆறு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நிறுத்தட்டுங்களா, அம்மணி?" என்றார் பழனியண்ணன்.

நிறுத்திக் காத்திருந்தால் தினேஷுக்கு மாற்று சைக்கிள் கிடைக்கும். அந்த நேரத்தில் நிஜாமின் டயர் பஞ்சரானால் அவருடைய வருடம் அங்கேயே முடியும். நிறுத்தாவிட்டால், எல்லைக்கோட்டை மூடும் நேரத்துக்குள் தினேஷ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மலை ஏற வேண்டும். யோசிக்க ஒரு வளைவு அளவு நேரம்தான்.

"போங்க" என்றேன். மைக்கில் தினேஷிடம், "தள்ளிட்டு வா கண்ணு, நேரம் இருக்குது" என்றேன்.

நிஜாம் மூன்றாவதாக வந்தார். அவருடைய கடைசி மூன்று வருடத்தில் அதுதான் பெரிய இடம். கோட்டைத் தாண்டிச் சைக்கிளின் மேலேயே கவிழ்ந்து கிடந்தார். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். முகமெல்லாம் சிவந்து, கண்ணில் தண்ணீர். குடித்து முடித்து, மூச்சு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பசங்க எங்கக்கா?"

சொன்னேன். தினேஷ் தள்ளிக்கொண்டு வருகிறான், இன்னும் தூரம் இருக்கிறது, மற்ற மூன்று பேரும் தனித்தனியாக வருகிறார்கள் என்று. நானேதான் ஜீப்பை நிறுத்த வேண்டாம் என்றேன் என்பதையும் சொன்னேன். அவருக்கு என் மேல் கோபமில்லை. சைக்கிளைத் தடுப்பில் சாய்த்துவிட்டு, ஷூவின் அடித்தகடு தார்ச்சாலையில் டக் டக்கென்று தட்ட, சாலையோரமாகக் கீழே நடக்க ஆரம்பித்தார். ஓடிக்கொண்டிருக்கிறவனை யாரும் தொட்டுத் தள்ளக் கூடாது என்பது விதி. கூட நடக்கக் கூடாது என்று விதி இல்லை.

வளைவில் அவர் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு முதலாளிக்குப் போன் செய்தேன்.

"டீச்சர், மூணாவதாமே. பார்த்தேனுங்க. நாம வெச்சுக்கிட்டது சரிதான்."

"அடுத்த வருசம் அவரைத் தலைவரா வெச்சுக்கலாமுங்க. ரேடியோவோட."

"அப்ப ஏறுறது?"

"அது இன்னிக்கோட முடிஞ்சுதுங்க."

"போன வருசம் ஒண்ணுமே ஓடாதப்போ இன்னும் இருக்குதுன்னு சொன்னீங்க. மூணாவது வந்த அன்னிக்கு முடிஞ்சுதுங்கறீங்க."

"ஆமாங்க. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"அவரு சொன்னாரா?"

"வாயால சொல்லலீங்க. மூச்சு வந்ததும் பசங்களைத் தேடிக் கீழ நடந்துட்டாருங்க."

நான் சொன்னது சரியா என்று இன்றும் முழுக்கத் தெரியாது. இன்னொரு வருடம் ஏறியிருப்பாரோ என்று சில காலைகளில் தோன்றும். அன்று அந்த மலையில் எனக்குத் தோன்றியதை உங்களுக்குச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பரிசு மேடையில் ஒலிபெருக்கி பேர் கூப்பிட ஆரம்பித்தது. முதல் படியில் ஒருவர் ஏறினார், இரண்டாவதில் ஒருவர் ஏறினார். நிஜாமின் பேரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். மூன்றாம் படி காலியாக இருந்தது. அட்டையை மார்பில் மாட்டியிருந்த அதிகாரி ஒருவர் வேகமாக என்னிடம் வந்தார்.

"எங்கங்க உங்க ஆளு? எல்லாரும் நிக்கறாங்க."

நான் கீழே சாலையைக் காட்டினேன். "வந்துட்டிருக்காருங்க. கூட ஒருத்தர் நடந்து வர்றாரு. மெதுவாத்தான் வருவாங்க."